நீக்கப்பட்ட பத்திகளுக்குப் பிறகு: விக்கித் திட்டங்களில் எந்தக் கொள்கையோடு உழைக்கிறீர்கள்?

ஏரிக்கரை ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பதினான்கு மாதங்களாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறேன். தொடக்கத்தில் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். பிறகு பயிற்சிப் பக்கமான மணல்தொட்டியில் பழகிக்கொண்டு, நான் வகுப்பில் நடத்திய பாடங்களையொட்டிச் சில குறுங்கட்டுரைகளை விரிவாக்கினேன். அதுவரை எந்த இடரும் நேரவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள நடுத்தரமான ஏரி அது. எந்த மதகின் தண்ணீர் எந்த வயல்களுக்குப் பாயும், மிகுநீர் வழியும் கலங்கல் எந்த மழையில் உடைந்தது, மடை திறந்து தண்ணீர் விடும் நீர்கட்டியாக இருந்த குடும்பத்தார் வறட்சி ஆண்டுகளில் முறை வைத்துத் தண்ணீர் விட்டது எப்படி, குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போன வழக்கம் எப்போது நின்றது, ஏரியின் பெயருக்கு என் பாட்டி சொன்ன காரணம் என்ன என்பவற்றையெல்லாம் இரண்டு வாரங்கள் உட்கார்ந்து எழுதினேன். எழுதி ஒரு வாரத்துக்குள் சான்று கேட்கும் வார்ப்புரு (அறிவிப்புப் பெட்டி) இடப்பட்டது. அடுத்த மாதம் கட்டுரையில் முக்கால் பங்கு நீக்கப்பட்டு, ஏரியின் அமைவிடமும் பரப்பளவும் மட்டும் எஞ்சின. நீக்கியவர் உரையாடல் பக்கத்தில் மரியாதையாகவே காரணம் எழுதியிருந்தார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை.

ஆனால், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் சொல்லை, அந்த ஏரியைப் பார்த்தே இராத ஒருவர் நீக்கலாம் என்னும்போது, நான் எதற்காக எழுதுகிறேன் என்ற கேள்வி எழுகிறது. ஊதியம் இல்லை, பெயர் இல்லை, எழுதியது நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து வருகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மனம் தளராதீர்கள் என்ற ஆறுதலை நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் எதை முன்வைத்து உழைக்கிறீர்கள், எதைச் செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள், உங்கள் எழுத்து வெட்டப்படும்போது அதை எவ்வாறு எடுத்துக்கொள்கிறீர்கள் என்பவற்றை உங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

சிறுதிருத்தன் எழுதியது:

அம்மா, நான் கட்டுரை எழுதுகிறவன் அல்லன். ஆறு ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்து வருகிறேன். தமிழில் 'ஔ' என்பது தனி உயிரெழுத்து. பலர் அதை 'ஒ' என்ற எழுத்தையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டி உருவாக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ஔவையார் என்று சரியாகத் தட்டித் தேடும் மாணவருக்கு, 'ஒ', 'ள' என்று பிரித்துத் தட்டப்பட்ட பக்கம் அகப்படாமல் போகலாம். 'கௌ', 'மௌ', 'சௌ' ஆகியவற்றிலும் இதே கோளாறு உண்டு. இவற்றைத் தேடிப் பிடித்துத் திருத்துகிறேன். திருத்தும்போது கண்ணில் படும் சந்திப் பிழைகளையும் சரிசெய்கிறேன்.

இந்தத் திருத்தங்களை நீக்க எவரும் வந்ததில்லை, பாராட்டவும் வந்ததில்லை. இருந்த அறிவு தேடுகிறவருக்குக் கிடைக்காமல் இருந்தது, இப்போது கிடைக்கிறது என்பது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. உங்கள் கேள்வியின் ஆழத்துக்கு இது விடையாகாது என்று அறிவேன். மனம் கனக்கும் நாள்களில் இத்தகைய வேலைக்குத் திரும்புவது கையைத் தொடர்ந்து பழக்கத்தில் வைத்திருக்கும் என்பதற்காகவே எழுதினேன்.

---

ஆலமரத்தடிப் பயனர் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பயனராக இருக்கிறேன். நீங்கள் கேட்டதை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். எனக்கு விடை கிடைத்த வழியைச் சொல்கிறேன்.

தமிழில் முதன்முதலாக வெளிவந்த பெரிய கலைக்களஞ்சியத்தை நீங்கள் நூலகத்தில் பயன்படுத்தியிருப்பீர்கள். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954இல் தொடங்கி 1968இல் முடித்த பத்துத் தொகுதிகள் அவை. அதில் ஒரு கட்டுரையை நாம் ஏன் நம்பினோம்? அந்தத் துறையை அறிந்த அறிஞர் ஒருவரைத் தேர்ந்து எழுதச் சொன்னார்கள், பதிப்புக் குழு அதைப் பார்த்தது, கழகம் அதற்குப் பொறுப்பேற்றது, ஆகவே நம்பினோம். நம்பிக்கை எழுதியவரிடமிருந்தும் வெளியிட்டவரிடமிருந்தும் வந்தது.

விக்கியில் அந்த ஏற்பாடு இல்லை. உங்கள் பயனர் பெயருக்குப் பின்னால் இருப்பவர் இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவரா, நேற்றுக் கணக்கைத் தொடங்கிய பத்தாம் வகுப்பு மாணவரா, ஏரி நிலத்தில் மனை போட விரும்பும் ஒருவரா என்று வாசகருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எழுதியவரைக் கொண்டு நம்ப முடியாத இடத்தில், எழுதப்பட்டதை எவரும் சென்று சரிபார்க்க முடியும் என்பது ஒன்றே நம்பிக்கைக்கு அடிப்படையாகிறது. மெய்யறிதன்மை என்று விக்கிப்பீடியாவில் சொல்வது இதைத்தான். உங்கள் பத்திகளை நீக்கியவர், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. உங்களை அறியாத ஒருவர் அந்தப் பத்தியைச் சரிபார்க்க வழியில்லை என்றுதான் சொன்னார். இந்த வேறுபாடு எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் மூன்று முறை கோபித்துக்கொண்டு விலகிப் போனேன்.

அதன் பிறகு எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். வாசகர் என்னை நம்ப வேண்டிய தேவையே எழாதபடி எழுத வேண்டும். நான் இல்லாமற்போன பிறகு வரும் ஒருவர், நான் விட்ட இடத்திலிருந்து எவரையும் கேட்காமல் தொடரக்கூடிய நிலையில் பக்கத்தை விட்டுவிட்டு எழ வேண்டும். மற்ற முடிவுகளெல்லாம் இதிலிருந்தே கிளைத்தன.

முதலாவதாக, ஒரே மூச்சில் நீண்ட கட்டுரை எழுதுவதை நிறுத்தினேன். நான்கு வரி எழுதினால் நான்கு வரிக்கும் மேற்கோள் இருக்க வேண்டும், பக்க எண் உட்பட. நூலின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் பக்க எண்ணை விடுவது, ஊர்ப் பெயரைச் சொல்லி வீட்டைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பானது. தொகுப்புச் சுருக்கத்தில் ஏன் மாற்றினேன் என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதத் தொடங்கினேன். பக்க வரலாறு என்பது பலர் திறந்து பார்க்காத தாவல். ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் குழம்பி நிற்கும்போது அவருக்குத் துணையாக இருப்பது அந்த ஒற்றை வரிதான்.

இரண்டாவதாக, அறியாத துறையில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவுக்கு நேர்ந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். அம்மொழியை அறியாத ஓர் அமெரிக்க இளைஞர், சிறுவயதிலிருந்தே நல்லெண்ணத்தோடு பல்லாயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்திருந்தார். ஆங்கில வாக்கியங்களில் ஆங்காங்கே சொற்களை மாற்றி வைத்தவையாக அவற்றுள் பல இருந்தன. உழைப்பிலோ நோக்கத்திலோ குறையில்லை. ஆயினும் ஒரு சிறிய மொழிக்கு அது பெருந்தீங்காக முடிந்தது, ஏனெனில் அருகில் இருந்து தடுக்கவோ திருத்தவோ போதிய மொழியறிஞர் அங்கே இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பிழை நேர்ந்தால் பார்க்க ஆயிரம் கண்கள் உண்டு. தமிழில் சில துறைகளில் நான் எழுதுவதைப் பார்க்க எனக்கு அடுத்து ஒருவர்கூட இல்லை என்பதை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் எண்ணிக்கையை இலக்காக வைத்து உழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிலிப்பைன்சின் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் ஒரு தானியங்கி (தானாகக் கட்டுரை உருவாக்கும் நிரல்) எழுதிய கட்டுரைகளே பல இலட்சங்கள். அம்மொழி பேசும் பிள்ளை ஒருவருக்கு அவற்றால் என்ன பயன் என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. நம்மிடமும் 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு நீண்ட கட்டுரைகளைச் சேர்த்தபோது, எந்தத் தலைப்புகள் வேண்டும், எந்தத் தரத்தில் வேண்டும், வந்தவற்றைத் திருத்தப் போவது யார் என்று நம் பயனர்கள் கேட்டார்கள். அது நன்றிகெட்ட கேள்வி என்று சிலர் அன்று சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காத ஒருவரின் நூறு பக்கங்களைவிட, தன் கவனிப்புப் பட்டியலில் வைத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒருவரின் ஒரு பக்கம் மேலானது.

இன்னொன்று. இது நான் மெதுவாகக் கற்றது. இலங்கைப் பயனர் ஒருவர் 'பௌதிகவியல்' என்று எழுதியிருந்ததை 'இயற்பியல்' என்று மாற்றிவிட்டு, பிழை திருத்தியதாகப் பெருமைப்பட்டேன். அவர் பொறுமையாக, இரண்டும் வெவ்வேறு நாட்டுப் பாடநூல்களில் வழங்கிய சொற்கள் என்றும், ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்து மற்றதிலிருந்து வழிமாற்று ஏற்படுத்தி, முதல் வரியிலேயே இரண்டையும் குறிப்பிடலாம் என்றும் எழுதினார். ஜெர்மனியா, செருமனியா என்ற வழக்கும் ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) நெடுநாள் நடந்தது. என் ஊர்ச் சொல் மட்டுமே தமிழ் என்று கருதியிருந்த என் எண்ணத்தை மாற்றியவை இந்த உரையாடல்கள். இப்போது ஒரு சொல்லை மாற்றுவதற்கு முன்பு, இது பிழையா, என் காதுக்குப் பழகாததா என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். நீக்கப்பட்டது எதுவும் அழிந்துவிடவில்லை. வரலாறு தாவலில் உங்கள் பழைய பதிப்பு அப்படியே இருக்கிறது. அதை எடுத்து ஒரு தாளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எங்கே அச்சான சான்று கிடைக்கலாம் என்று தேடுங்கள். 1879இல் வெளியான செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டில் அவ்வட்டாரப் பாசனத்தைப் பற்றிய செய்திகள் உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி என்றால் அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்திருக்கும், இப்போது நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது என்றால் ஊராட்சி ஒன்றியம். எவரிடம் ஆவணம் கேட்பது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். கல்வெட்டு ஏதேனும் படியெடுக்கப்பட்டிருந்தால் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளிலோ தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழிலோ இடம்பெற்றிருக்கக்கூடும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கோயில் சுவரில் வெட்டி வைத்த உத்திரமேரூருக்கு அருகில் இருக்கிறீர்கள். எழுதி வைத்ததால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த முறையைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது.

---

ஏரிக்கரை ஆசிரியை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நீக்கியவர் என்னைப் பொய்யர் என்று சொல்லவில்லை என்பதை உங்கள் விளக்கத்துக்குப் பிறகு மனம் ஏற்கிறது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. உத்திரமேரூர்ச் சபையாருக்குக் கல் வெட்டும் வசதியும் அதிகாரமும் இருந்தன. எங்கள் ஊர் நீர்கட்டிக்கு இரண்டும் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒரு முறை வந்து பார்த்து எழுதியது சான்றாகிறது. மூன்று தலைமுறையாக மடை திறந்தவர் சொன்னது சான்றாகவில்லை. எழுதி வைக்க முடிந்தவர்களின் அறிவு மட்டுமே அறிவு என்று இந்த விதி சொல்வதாகத் தோன்றுகிறதே, இதற்கு என்ன செய்வது?

---

வடமராட்சி வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இந்தக் கேள்வியை நானும் சுமந்திருக்கிறேன். அதனால் நீண்டு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுப்பியவர் நீங்கள் மட்டுமல்லர். அச்சல் பிரபாலா என்பவர் 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியோடு ஒரு முயற்சி செய்தார். அச்சில் ஏறாத, ஆனால் ஊரே அறிந்த சிறுவர் விளையாட்டுகள், உணவு முறைகள் போன்றவற்றைத் தெரிந்தவர்களிடம் ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவை விக்கிமீடியாவின் கோப்புக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றி, மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளின் விக்கிப்பீடியாக்களில் அதையே மேற்கோளாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பலர் வரவேற்றார்கள், ஆங்கில விக்கிப்பீடியாவில் அது மூல ஆய்வு, அதாவது வேறெங்கும் வெளிவராத சொந்த ஆய்வு, ஆகிவிடும் என்று எதிர்ப்பும் எழுந்தது. பொது விதியாக அது நிலைபெறவில்லை. ஆனால் ஒலிப்பதிவு என்ற அந்த யோசனையில் நல்ல பொருள் இருக்கிறது. நீங்கள் சொல்வதை மற்றவர் சரிபார்க்க வழியில்லை என்பதுதானே குறை? நீர்கட்டி ஐயாவின் குரலே பதிவாகி, அவருடைய இசைவோடு, நாளும் இடமும் குறிக்கப்பட்டுப் பொதுவில் இருந்தால், அவர் இவ்வாறு சொன்னார் என்பதையாவது எவரும் கேட்டு உறுதி செய்யலாம்.

நான் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டத்துக்கு ஆவணம் சேர்த்துக் கொடுப்பவன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. நான் அப்போது சிறுவன். வீட்டில் பெரியவர்கள் சாவீடு போல அமர்ந்திருந்தது நினைவில் இருக்கிறது. ஒரேயொரு படி மட்டும் இருந்தவை பல. எழுதி வைக்கப்பட்டதும் அழியும் என்பதை எங்களுக்கு எவரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2005இல் தன்னார்வலர்கள் நூலகம் திட்டத்தைத் தொடங்கியபோது அதையும் விக்கி மென்பொருளின் மீதே கட்டினார்கள். ஊர்க் கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், சனசமூக நிலைய அறிக்கை, மறைந்தவர்களுக்கு வெளியிடும் கல்வெட்டு நூல்கள் என, பெரிய நூலகங்கள் சேர்க்காதவையும் அதில் இடம்பெற்றன. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் தன் ஊரைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதும்போது, அந்தக் கோயில் மலரின் ஒரு பக்கத்தை மேற்கோள் காட்டுவதைப் பார்க்கிறேன். மலரில் எழுதியவர் பெரும்பாலும் உங்களைப் போல ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியராக இருப்பார்.

ஆகவே என் எண்ணம் இது. நீங்கள் விக்கிப்பீடியாவுக்கு எழுதியதை ஒரு படி முன்னால் எழுத வேண்டும். சிற்றிதழ் ஒன்றிலோ, ஊர்த் திருவிழா மலரிலோ, உள்ளூர் வரலாற்றுக் குழுவின் தொகுப்பிலோ உங்கள் பெயரில், நீர்கட்டி ஐயாவின் பெயரையும் அவர் விரும்பினால் சேர்த்து எழுதுங்கள். அங்கே உங்கள் அனுபவமே உங்களுக்கு உரிமை தரும். அச்சான பிறகு அதைச் சான்றாக வேறொருவர் பயன்படுத்தட்டும். கலைக்களஞ்சியம் அறிவின் கடைசித் திண்ணை. வாசலிலிருந்து நேராக அங்கே தாவ முடியாது.

எல்லாவற்றையும் விக்கிப்பீடியாவில் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. 'நீர்கட்டி', 'உள்வாய்', 'கலங்கல்' ஆகிய சொற்கள் உங்கள் பக்கத்தில் எந்தப் பொருளில் வழங்குகின்றன என்பது விக்கியின் அகராதியான விக்சனரிக்கு உரியது. நாங்கள் வான்கதவு, துருசு என்று வேறு சொற்களைக் கொண்டு வளர்ந்தவர்கள். உங்கள் சொற்களைப் படிக்கும்போது எனக்கு அகராதி தேவைப்பட்டது. மதகுகளின் படங்களைப் பொதுவகத்தில் ஏற்றுங்கள். வாய்க்கால்களின் போக்கை, எவரும் வரையக்கூடிய இணைய நிலப்படமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையுங்கள். நேரில் நடந்து பார்த்து வரைவதை அங்கே மிக உயர்வாக மதிப்பார்கள். உங்கள் பாட்டி சொன்ன காரணம், பாட்டி சொன்ன காரணமாகவே ஒலிப்பதிவில் இருக்கட்டும்.

---

மெய்ப்பு நோக்குநர் எழுதியது:

ஆலமரத்தடிப் பயனர் சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். அடுத்தவர் தொடரும்படி விட்டுச் செல்வது நல்ல கொள்கைதான். ஆனால் எல்லோரும் அடுத்தவருக்கு விட்டுச் சென்றுகொண்டே இருந்தால் எதுவும் முடிவதில்லை. நான் அச்சு நூல்களை இணைய உரையாக்கும் விக்கிமூலத்தில் உழைக்கிறேன். அங்கே இந்தக் குறை வெளிப்படையாகத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்படிகளை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, கட்டற்ற உரிமத்தில் வழங்கியது. அவை, படத்திலுள்ள எழுத்துகளைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் மூலம் உரையாக மாற்றப்பட்டன. ஒவ்வொரு பக்கத்துக்கும் இடப்புறம் உரை, வலப்புறம் அச்சுப் படம். ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் மீண்டும் பார்த்தால்தான் பச்சையாகும். மஞ்சளாக்கிய அதே கணக்கால் பச்சையாக்க முடியாது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். என் கண்ணை நானே நம்பக்கூடாது என்பதை மென்பொருளே நினைவூட்டுகிறது.

1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு அச்சான நூல்களில் 'லை', 'ளை', 'னை', 'ணை' ஆகியவை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் இருக்கும். 'றா', 'னா', 'ணா' சுழித்து ஒட்டியிருக்கும். எழுத்துணரி இவற்றில் இடறும். துணைக்காலை 'ர' என்று படிக்கும். 'கு' 'சூ' ஆகிவிடும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் எனக்கு ஆகிறது. முந்நூறு பக்க நூல் ஒன்றை இரண்டாண்டுகளாகப் பார்த்து முடித்தேன். அதற்கு முன்பு நானும் இங்கே பத்துப் பக்கம், அங்கே ஐந்து பக்கம் என்று முப்பது நூல்களில் கை வைத்தேன். முப்பதில் ஒன்றுகூட வாசகருக்குப் பயன்படும் நிலைக்கு வரவில்லை. வாசகருக்கு வேண்டியது முழு நூல். எனவே ஒரு நேரத்தில் ஒரு நூல், அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்பதே என் கொள்கை. உரிமை கொண்டாடக்கூடாது, ஆனால் பொறுப்பை ஏற்றுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை போக வேண்டும்.

அச்சில் உள்ளதை உள்ளபடி வைப்பது இன்னொன்று. ஆசிரியரின் வாக்கியத்தைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று கை துடிக்கும். அது நம் வேலை அன்று. படம் மங்கி ஒரு சொல் தெரியவில்லை என்றால், ஊகித்து எழுதாமல், பக்கத்தைச் சிக்கலானது என்று குறித்துவிட்டுப் போகிறேன். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாட்டுகள் கிடைக்கவில்லை. இன்றும் 266க்குப் பின் 269 வருகிறது. அந்த இடம் வெற்றாகவே நிற்கிறது. எண்களை நெருக்கி ஒட்டியிருந்தால் இழப்பு இருந்ததே நமக்குத் தெரிந்திராது. ஆசிரியை அவர்களின் கட்டுரையிலும் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஏரி எப்போது வெட்டப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று கிடைக்காதவரை அந்த இடம் காலியாக இருக்கட்டும். உரையாடல் பக்கத்தில், இன்னின்ன செய்திகளுக்குச் சான்று தேடப்படுகிறது, ஊரில் இவ்வாறு வழங்குகிறது என்று எழுதி வையுங்கள். உரையாடல் பக்கத்தைத் தேடி வருகிற ஆய்வாளர் ஒருவர் என்றேனும் இருப்பார்.

---

ஆலமரத்தடிப் பயனர் எழுதியது:

மெய்ப்பு நோக்குநர் சொன்னது நியாயம். கட்டுரைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இல்லை, நூலுக்கு உண்டு. அந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை. விக்கிமூலத்தில் என் பெயரிலும் பாதியில் நிற்கும் நூல்கள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்றை இந்த மாதம் எடுத்துக்கொள்கிறேன். மஞ்சளாக்கிய பக்கங்களைப் பச்சையாக்க உங்கள் கண் கிடைக்குமா?

---

ஏரிக்கரை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் சில வேலைகளைச் செய்தேன்.

நீக்கப்பட்ட என் பத்திகளை வரலாறு தாவலிலிருந்து எடுத்து, வரி வரியாகப் பிரித்து எழுதினேன். நாற்பத்தொரு செய்திகள் இருந்தன. அவற்றுள் ஒன்பதுக்கு அச்சான சான்று கிடைக்கும் என்று தோன்றுகிறது. ஏழுக்குத் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். பதினெட்டு, நானும் என் வீட்டாரும் சொல்லக் கேட்டவை மட்டுமே. மற்ற ஏழு செய்திகளை எங்கிருந்து எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. அந்த ஏழைப் பார்த்தபோது, நீக்கியவர் எனக்கு ஓர் உதவி செய்திருக்கிறார் என்று உணர்ந்தேன். அவருடைய பேச்சுப் பக்கத்தில் அதைச் சொல்லி நன்றி எழுதினேன். அவர் தம்மிடம் இருக்கும் மாவட்ட விவரச் சுவடியில் தேடித் தருவதாக மறுமொழி எழுதியிருக்கிறார்.

நீர்கட்டிக் குடும்பத்தின் மூத்தவருக்கு எண்பத்து மூன்று வயது. என் மாணவர் ஒருவரின் கைபேசியில் இரண்டு மணி நேரம் பேச்சைப் பதிவு செய்தோம். பதிவைப் பொதுவில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, முதலில் தம் பேரன் கேட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். பேரன் திருப்பெரும்புதூரில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறார். அதுவரை பதிவு என்னிடமே இருக்கும். விக்சனரியில் 'உள்வாய்' என்ற சொல்லுக்கு ஏரியின் நீர்பிடிப்புப் பரப்பு என்ற பொருளை எழுதத் தொடங்கினேன். எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுக்குமிடத்தில், பெரியவர் பேச்சில் வந்த வாக்கியத்தையே கொடுக்க விரும்புகிறேன். அவர் இசைவு கிடைக்கும்வரை அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.